ஆன் பிராட்ஸ்ட்ரீட்: குடியேறியவர், தாய், கவிஞர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'கவிஞரும் குடும்பமும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். நம் மொழிக் கவிஞர்களின் வரலாற்றை என்னினும் நன்கறிந்தோர் இவ்வவையில் உளர். ஆகவே, ஆங்கிலேயர் வட அமெரிக்காவில் குடியேறத் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்த பெண் கவிஞர் ஒருவரை இன்று உங்கள் முன் நிறுத்த விழைகின்றேன். அவர் பெயர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்.

அவர் 1612இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் பிறந்தார். தந்தை தாமஸ் டட்லி, லிங்கன் பிரபுவின் காரியஸ்தர். பெண்களுக்குப் பள்ளிக் கல்வி எட்டாத அக்காலத்தில், தந்தையின் ஊக்கமும் பிரபுவின் நூலகமும் அவருக்குக் கல்விச்சாலை ஆயின. பதினாறு வயதளவில் பெரியம்மை கண்டு பிழைத்தார். அதே காலத்தில் தந்தையின் கீழ்ப் பணியாற்றிய சைமன் பிராட்ஸ்ட்ரீட்டை மணந்தார்.

இக்குடும்பத்தார் பியூரிட்டன் சமய நெறியினர். அரசின் நெருக்கடி மிகவே, 1630 ஏப்ரலில் 'ஆர்பெல்லா' என்னும் கப்பலேறி, ஜூன் மாதத்தில் மாசச்சூசெட்ஸின் சேலம் துறையை அடைந்தனர். அங்கே அவர்களை எதிர்கொண்டவை பசியும் நோயும். அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். எழுதுவதற்கு மேசையின்றி, அடுப்பருகே அமர்ந்து மடிமீது தாளை வைத்து எழுதியதாகத் தாமஸ் டட்லியே தம் மடலொன்றில் குறிப்பிடுகின்றார். புதிய நாட்டையும் அதன் வழக்கங்களையும் கண்டு தம் உள்ளம் எதிர்த்தெழுந்தது என்றும், இறைவன் காட்டிய வழி இதுவே எனத் தெளிந்த பின்னரே பணிந்தது என்றும் ஆன் தம் மக்களுக்காக எழுதி வைத்தார். குடியேற்றத்தை வெற்றிக் கதையாகவே கூறும் ஏடுகளுக்கிடையே இவ்வொரு வாக்குமூலம் தனித்து நிற்கின்றது.

சில ஆண்டுகள் மகப்பேறின்றி வருந்திய அவர், பின்னர் எட்டு மக்களைப் பெற்று வளர்த்தார். ஊர்விட்டு ஊர் மாறி, இறுதியில் ஆண்டோவரில் குடியமர்ந்தார். தந்தையும் கணவரும் ஆளுநர் பதவி வகித்தவர்கள். கணவர் அரசுப் பணிக்காக அடிக்கடி வெளியூர் செல்வார். அப்பிரிவு அவரைப் பாட வைத்தது. பிரிவைப் பாலையின் உரிப்பொருளாக வகுத்துக்கொண்ட நமக்கு, கணவருக்கு அவர் எழுதிய கவிமடல்கள் அயலாகத் தோன்றா.

ஆயினும் பெண்ணின் குரலுக்கு அக்குடியேற்றத்தில் எல்லை உண்டு. சமயக் கருத்துகளைத் துணிந்து பேசிய ஆன் ஹட்சின்சன் 1638இல் நாடுகடத்தப்பட்டார். அவரை எதிர்த்து வழக்காடியவருள் தாமஸ் டட்லியும் ஒருவர். ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் தங்கை சாராவும் பொது அவையில் சமயம் பேசியதற்காகக் கண்டிக்கப்பட்டு, 1647இல் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். இவற்றையெல்லாம் அருகிருந்து கண்டவர் நம் கவிஞர். அவர் எழுதியது வீட்டுக்குள், படித்தோர் உற்றார்.

மற்றொரு தங்கையின் கணவர் ஜான் உட்பிரிட்ஜ் அக்கவிதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். 1650இல், ஆசிரியரின் இசைவு பெறாமலே, 'அண்மையில் அமெரிக்காவில் தோன்றிய பத்தாவது கலைமகள்' என்னும் பொருள்படும் தலைப்புடன் நூல் வெளிவந்தது. இவர் இல்லக் கடமைகளில் குறைவைக்கவில்லை, உறக்கத்தைக் குறைத்தே எழுதினார் என்று முன்னுரையில் உட்பிரிட்ஜ் சான்று கூறவேண்டியிருந்தது. எந்த ஆண் கவிஞரின் நூலுக்கு இத்தகைய சான்று தேவைப்பட்டது?

இதே உட்பிரிட்ஜின் பெயர் மற்றோர் ஆவணத்திலும் காணப்படுகின்றது. ஆண்டோவர் ஊரின் நிலத்தைக் கட்ஷமாச்சி என்னும் பழங்குடித் தலைவரிடம் ஆறு பவுனும் ஒரு மேலங்கியும் கொடுத்துப் பெற்றவர் அவரே. 1646இல் அந்தத் தலைவர் மன்றத்தின் முன் அவ்விற்பனையை ஒப்புக்கொண்டார். குடியேறியோர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கொள்ளைநோய் அக்கரையோரப் பழங்குடியினரில் பெரும்பகுதியினரை அழித்திருந்தது. ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகளில் அம்மக்களுக்கு இடமில்லை என்றே சொல்லலாம். நாம் போற்றும் கவிதை எழுதப்பட்ட வீடு எவர் மண்ணில் நின்றது என்பதையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

1666 ஜூலையில் அவ்வீடு எரிந்தது. எண்ணூறு அளவிலான நூல்கள் சாம்பலாயின. 1665 முதல் 1669 வரை, சிறு பேரக்குழந்தைகள் மூவரை அவர் இழந்தார். அவ்விரங்கற்பாக்களில் நம்பிக்கையும் ஆற்றாமையும் ஒன்றையொன்று அடக்க முடியாமல் நிற்கின்றன. 1672 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அவர் மகன் டட்லி பிராட்ஸ்ட்ரீட், 1692இன் சூனிய வழக்குகளின்போது ஆண்டோவரில் நீதிபதியாக இருந்தார். பலரைச் சிறைபிடிக்க ஆணையிட்ட அவர், பின்னர் இனி ஆணையிடேன் என மறுத்தார். உடனே அவர்மீதும் அவர் மனைவிமீதும் அதே பழி சுமத்தப்பட்டது. இருவரும் தப்பியோட நேர்ந்தது.

அன்பர்களே, 1650 நூலில் இருந்தவை பெரும்பாலும் உலகின் நால்வகைப் பூதங்களையும் பேரரசுகளையும் பற்றிய நெடும்பாக்கள். புலவர் அவை மெச்சியவை அவையே. இன்று நாம் தேடிப் படிப்பவையோ, கணவருக்கும் மக்களுக்கும் எனத் தனியே எழுதி வைத்தவை. அவற்றுட் சில அவர் மறைந்த பின் 1678இல் பாஸ்டனில் அச்சேறின. வீடு எரிந்ததைப் பாடிய கவிதை 1867 வரை கையெழுத்துப் படியாகவே கிடந்தது. அதைக் காத்தவர்கள் குடும்பத்தார். உலகம் கேட்கும் முன்பே அவர்கள் காத்தார்கள்.

நம் இல்லங்களிலும் கணக்கேடுகளின் பின்பக்கங்களில் தாய்மாரும் தமக்கையரும் எழுதி வைத்த பாக்கள் இருக்கக்கூடும். உறுப்பினர்கள் அவற்றைத் தேடிப் படியெடுத்து, எழுதியவரின் இசைவு பெற்று, அவர் பெயராலேயே வெளியிட முன்வரவேண்டும். அடுத்த பத்தாண்டுக்கு இவ்வட்டம் ஏற்கத்தக்க பணிகளுள் ஒன்றாக இதனை உங்கள்முன் வைத்து அமைகின்றேன்.