வைசாலிச் சபையின் வீழ்ச்சி



சபை கூடிப் பேசித் தீர்மானிக்கும் ஆட்சிமுறை கீழ்நாட்டாருக்கு மேனாட்டார் இட்ட பிச்சை என்பாரை நாம் அடிக்கடி காண்கின்றோம். 1949 நவம்பர் 25இல் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றிய டாக்டர் அம்பேத்கர் இதனை ஒப்பவில்லை. பண்டை இந்தியாவிலே குடியரசுகள் இருந்தன என்றும், பிரேரணை, வாக்கெடுப்பு முதலிய விதிகளைப் பௌத்த சங்கத்தார் அறிந்திருந்தனர் என்றும் அவர் எடுத்துக் காட்டினார்.

புத்தர் காலத்து மகதமும் கோசலமும் முடியரசுகள். கங்கைக்கு வடக்கே, இன்றைய பீகார் மாநிலத்தில், வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வஜ்ஜி நாடோ பல குலத்தார் கூடி ஆண்ட கூட்டரசு. குலத்தலைவர் ஒவ்வொருவரும் அங்கே 'இராசா' எனப்பட்டனர். அவர்தம் தொகை 7,707 எனச் சாதகக் கதை கூறும்.

சட்டம் பயின்ற நம்மைப் பெரிதும் கவர்வது அவர்தம் நீதிமுறையே. நமது அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய உரை அதனை விரித்துரைக்கின்றது. களவுக் குற்றம் சாட்டப்பட்டவன் முதலில் விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுவான். குற்றமற்றவன் எனக் கண்டால் அவரே விடுவிக்கலாம். குற்றவாளி எனக் கண்டாலோ, தண்டிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. அடுத்தவரிடம் அனுப்புதல் வேண்டும். வழக்கறிந்தோர், மரபுச் சட்டம் உணர்ந்தோர், எண்குலத்தார், சேனாபதி, உபராசர் என ஒவ்வொரு படியிலும் விடுதலைக்கு வழியுண்டு. ஏழாம் படியில் இராசாவே மரபேட்டைப் பார்த்து, அதற்கமையத் தண்டனை விதிப்பார். விடுவிக்க ஒரு படி போதும். தண்டிக்க ஏழு படியும் கடத்தல் வேண்டும்! இவ்வுரை பல நூற்றாண்டு பிந்தியது. சாட்சியம் என்ற வகையில் அதனை அவ்வளவிலேயே மதிக்கின்றோம்.

ஆயினும் இவ்வாட்சியைச் சனநாயகம் என்று கூறத் துணியோம். சபையில் அமர்ந்தோர் சத்திரியக் குலத்தலைவரே. வயலில் உழைத்த அடிமைக்கும் கூலியாளுக்கும் அங்கே ஆசனம் இல்லை.

மகத மன்னன் அஜாதசத்துரு வஜ்ஜியரை அழிக்கக் கருதி, அமைச்சன் வஸ்ஸகாரனைப் புத்தரிடம் அனுப்பினான். வஜ்ஜியர் அடிக்கடி சபை கூடுகின்றனரா, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகின்றனரா என்றவாறு ஏழு வினாக்களைப் புத்தர் ஆனந்தரிடம் கேட்டார். விடைகளைச் செவிமடுத்த அமைச்சன், போரினால் இவர்களை வெல்லல் இயலாது, பிளவு ஒன்றே வழி எனத் தெளிந்து திரும்பினான்.

அதன்பின் நிகழ்ந்ததையும் அவ்வுரையே சொல்கின்றது. மன்னனோடு பகைத்தவன்போல் நடித்து அவன் வைசாலி புகுந்தான். வஜ்ஜியரோ அவனை நம்பி நீதிபதிப் பதவியும் அளித்தனர்! ஒருவனைத் தனியே அழைத்து, எருது பூட்டி உழுவதுண்டா என்பது போன்ற அற்ப வினாவைக் கேட்டு அனுப்புவான். கேட்டது இதுவே என அவன் உண்மை கூறினும் மற்றவர் நம்பார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. இரு குலத்தலைவர் ஒரே வழியில் நடவாத நிலை வந்தது.

பின்னர் சபை முரசு முழங்கிற்று. செல்வர் கூடட்டும், வீரர் கூடட்டும், எமக்கென்ன என்று அவரவர் வீட்டில் இருந்துவிட்டனர். மகதப் படை நெருங்கியபோது முரசு மீண்டும் முழங்கிற்று. அப்போதும் எவரும் வந்திலர். திறந்து கிடந்த வாயில்கள் வழியே அஜாதசத்துரு நகருள் புகுந்தான்.