பார்வையின்மையும் வழக்கறிஞர் தொழிலும்

பார்வையற்ற ஒருவர் வழக்கறிஞராவதை இந்தியாவில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சட்டப் பட்டம் பெற்று, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்தியப் பார் தேர்வில் தேறியவர் எவரும் வழக்காடலாம். சிறுவயதில் அம்மை நோயால் பார்வையிழந்த சாதன் குப்தா கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தார். 1953-இல் மக்களவை உறுப்பினரானார், 1986-இல் மேற்கு வங்கத்தின் தலைமை வழக்கறிஞராகப் பொறுப்பேற்றார். தென்னாப்பிரிக்காவில், 16 மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வையிழந்த ஜாக் யாகூப் 1998 முதல் 2013 வரை அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். வீட்டு வசதி உரிமை பற்றிய புகழ்பெற்ற கிரூட்பூம் தீர்ப்பை எழுதியவர் அவரே.

இந்தத் தொழிலில் உண்மையான இடைஞ்சல் கேஸ் கட்டில்தான் இருக்கிறது. தட்டச்சு செய்த கோப்பை ஸ்கிரீன் ரீடர் என்னும் மென்பொருள் உரக்கப் படித்துவிடும். பழகிய காது அதை மிக விரைவாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும். என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் தாளை ஸ்கேன் செய்து படமாகச் சேமித்தால் அந்த மென்பொருளுக்கு அதில் ஓர் எழுத்தும் தென்படாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி தெளிவான அச்சுக்கு உதவும். மங்கிய நகலிலும், கையால் எழுதிய பழைய கிரயப் பத்திரத்திலும் அது தடுமாறும். பக்கத்துக்குப் பக்கம் குத்தும் முத்திரைகளும் குறுக்கே விழும் கையெழுத்துகளும் சிக்கலைக் கூட்டுகின்றன. மனுவைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, மறுபடி ஸ்கேன் செய்து தாக்கல் செய்யும் வழக்கம் யாருக்கும் பயனில்லாதது. பார்வையற்றவருக்கோ அது கதவையே அடைத்துவிடுகிறது.

அத்தகைய ஆவணங்களைப் படித்துச் சொல்ல ஒரு ஜூனியரோ குமாஸ்தாவோ வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள், கண்ணுள்ள மூத்த வழக்கறிஞர்களுக்கும் பக்கத்தை எடுத்து நீட்டுவது ஜூனியர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் சாட்சியின் முகம் தெரியாது என்பது மற்றொரு ஆட்சேபம். குரலின் தயக்கமும் பதிலுக்கு முந்தைய இடைவெளியும் காதுக்குத் தெரியும். வரைபடம், புகைப்படம் போன்ற சான்றுகளை மட்டும் ஒருவர் விவரித்தாக வேண்டும்.

வழக்காடலாம், ஆனால் நீதிபதியாகக் கூடாது என்ற நிலை சில மாநிலங்களில் நெடுங்காலம் நீடித்தது. தமிழ்நாட்டில் 2014-இல் அறிவிக்கப்பட்ட உரிமையியல் நீதிபதித் தேர்வில், 40 முதல் 50 சதவீதம் வரை குறைபாடு உள்ளவர்களுக்கே மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு தரப்பட்டது. 70 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ள ஒரு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். அந்த வரம்பு சரியே என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. அந்தக் கோட்பாட்டை 2019 தீர்ப்பு கருதிப் பார்க்கவில்லை. எனவே அது இனி முன்னுதாரணமாகாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே விகாஸ் குமார் வழக்கில் கூறியது.

முடிவான தீர்ப்பு 2025 மார்ச் 3 அன்று வந்தது. பார்வையற்றோரையும் குறைபார்வை உடையோரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதி குறித்து, ஒரு தேர்வரின் தாய் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே வழக்கானது. நீதிபதிகள் பர்திவாலாவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற மகாதேவனும் அந்த விதியை ரத்து செய்தனர். குறைபாட்டை மட்டும் காட்டி எவரையும் நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவராக்க முடியாது என்றது தீர்ப்பு.

தேர்வில் பார்வையற்றவர் சொல்வதை எழுத ஓர் ஆளும், மணிக்குக் குறைந்தது 20 நிமிடக் கூடுதல் நேரமும் தர வேண்டும் என்ற மத்திய அரசின் நெறிமுறை முன்பே இருக்கிறது. பணியில் சேர்ந்தபின் பார்வையற்ற நீதிபதிக்கு வேண்டியவை படிக்கத்தக்க மின்கோப்புகள், ஸ்கிரீன் ரீடர் உள்ள கணினி, கையெழுத்து ஆவணங்களை வாசிக்க ஒரு பணியாளர். இவற்றில் மின்கோப்பு மட்டும் நீதிமன்றத்தின் கையில் இல்லை. மனுவைத் தட்டச்சு செய்த வடிவத்திலேயே தாக்கல் செய்யும் வழக்கறிஞரிடமிருந்துதான் அது வந்தாக வேண்டும்.