ஆனர்ஸ் படிப்பு: சேர்வதும் முடிப்பதும்



ஆண்டுதோறும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், பிள்ளையை எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற கேள்வி நம் இல்லங்களில் எழுகிறது. அதற்கு விடை தேடும் பொழுது ‘ஆனர்ஸ்’ என்னும் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அச்சொல்லைக் கேட்டவுடன் சிலருக்குப் பெருமிதம் உண்டாகிறது. சிலருக்கு அச்சம் உண்டாகிறது. அதன் பொருள் என்ன என்று நின்று விசாரிப்பவர் சிலரே. ஆனர்ஸ் படிப்பு என்பது யாது, அதில் சேருமுன் எண்ண வேண்டுவன யாவை, சேர்ந்தபின் அதனை முடிப்பது எவ்வாறு என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

இம்முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் 1800ஆம் ஆண்டில் தன் தேர்வு விதிகளைத் திருத்தியபொழுது, தேறினால் போதும் என்பாருக்கு ஒரு தேர்வும், சிறப்புப் பெற விழைவாருக்குக் கடினமான வேறொரு தேர்வும் என்று வகுத்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்ட பின்னர், அம்மரபு நாளடைவில் நம் நாட்டிலும் வேரூன்றியது. ‘பாஸ்’ வகுப்பு மாணவர் பல பாடங்களை அளவோடு பயின்றார். ஆனர்ஸ் வகுப்பு மாணவரோ ஒரு பாடத்தை ஆழ்ந்து பயின்றார். இருவகைப் படிப்பும் தத்தம் பயனை உடையனவே. ஒன்று அகலத்தை நாடுவது. மற்றொன்று ஆழத்தை நாடுவது.

ஆழ்ந்து படிப்பதால் விளையும் பயனுக்கு நம் நாட்டு வரலாற்றிலிருந்தே சான்று காட்டலாம். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கலப்புக் கணிதத்தை ஆனர்ஸ் பாடமாகப் பயின்று, 1913ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவர் சத்தியேந்திரநாத் போஸ். இரண்டாம் இடம் பெற்றவர் மேகநாத் சாஹா. ஒரே வகுப்பில் போட்டியிட்ட அவ்விருவரும் பின்னர் கூடி உழைத்து, ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தனர். அந்நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் வெளியிட்டது. ஆனர்ஸ் வகுப்பில் கிடைக்கும் நல்ல தோழமை வாழ்நாள் முழுதும் துணை நிற்கும் என்பதற்கு இது தக்க சான்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையும் கருதத்தக்கது. கணிதம் பயில வேண்டும் என்பது அவர் விருப்பம், மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். முடிவில் பௌதிக ஆனர்ஸ் இருவருக்கும் உடன்பாடாயிற்று. அங்கே அவர் ஜெர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்டு அணுவின் அமைப்பைப் பற்றி எழுதிய பெருநூலைத் தாமாகவே கற்றுத் தேர்ந்தார். 1928இல் அவ்வறிஞரே சென்னைக்கு வந்தபொழுது நேரிற் சென்று கண்டார். அந்நூல் வெளிவந்த பின்னர்ப் பௌதிகமே மாறிவிட்டது என்று அவர் கூறினார். அச்சுக்குப் போயிருந்த தம் புதிய கட்டுரையின் பிழைதிருத்தப் படிகளையும் கொடுத்தார். அவற்றைக் கற்று அந்த மாணவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, அவர் பட்டம் பெறுமுன்பே 1929இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. 1930இல் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அவருக்கு 1983இல் நோபல் பரிசும் கிடைத்தது. எல்லோரும் சந்திரசேகர் ஆகிவிட முடியாது. எனினும் பாடநூல் முடியும் இடத்திலிருந்து மேலே நடக்கத் தொடங்குவதே ஆனர்ஸ் படிப்பின் உயிர் என்பது இதனால் விளங்கும்.

இனி, இன்றைய அமைப்பைக் காண்போம். தில்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கி, 2014இல் அதனைக் கைவிட்டது. பின்னர் 2020இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு புதிய பாடத்திட்டச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அதன்படி மூன்றாண்டு பயின்று 120 கிரெடிட் பெற்றவருக்குப் பட்டம் உண்டு. நான்காம் ஆண்டும் பயின்று 160 கிரெடிட் நிறைத்தவருக்கே ஆனர்ஸ் பட்டம். வாரத்திற்கு ஒரு மணி நேரமாகப் பருவம் முழுதும் நடைபெறும் வகுப்பு ஒரு கிரெடிட் எனப்படும். செய்முறைப் பாடமாயின் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த 160இல் 80 கிரெடிட்டேனும் முதன்மைப் பாடத்திலேயே பெறவேண்டும். அதாவது, படிப்பில் பாதியேனும் ஒரே துறைக்கு உரியது.

நான்காம் ஆண்டிலும் இரு பாதைகள் உண்டு. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றவர், 12 கிரெடிட் பெறுமான ஆராய்ச்சியை மேற்கொண்டு ‘ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்’ பட்டம் பெறலாம். ஏனையோர் ஆராய்ச்சிக்கு ஈடாக உயர்நிலைப் பாடங்களைப் பயின்று ஆனர்ஸ் பட்டம் பெறலாம். எல்லா மாநிலங்களும் இம்முறையை ஒரே வகையாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆதலால், தாம் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் விதிகளைக் கேட்டறிவது மாணவரின் முதற் கடமையாகும்.

சேர்வதைப் பற்றி ஒரு சொல். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடைபெற்று வருகிறது. மதிப்பெண் வந்தபின், பெயர் பெற்ற கல்லூரியை முதலில் தேர்ந்து, அங்கு இடம் கிடைக்கும் பாடத்தைப் பிறகு ஏற்றுக்கொள்வோர் பலர். கல்லூரியின் பெயர் வாயிலோடு நின்றுவிடும். பாடமோ ஆண்டுக்கணக்கில் உடன் வரும். பொருளாதார ஆனர்ஸ் என்றால் வாணிகச் செய்திகளைப் பேசுவது என்று எண்ணிச் சேர்ந்த மாணவர், முதற் பருவத்திலேயே நுண்கணிதத்தைக் கண்டு திகைக்கிறார். உளவியல் என்றால் மனித மனத்தைப் பற்றிய உரையாடல் என்று நம்பி வந்தவர், புள்ளியியலைக் கண்டு சோர்கிறார். இத்திகைப்பைத் தவிர்ப்பது அரிதன்று. பாடத்திட்டத்தை முழுதும் படித்துப் பாருங்கள். முதலாண்டு நூல் ஒன்றை வாங்கி ஒரு வாரம் அதனுடன் அமருங்கள். இரண்டாம் ஆண்டில் பயிலும் மாணவர் ஒருவரைக் கண்டு வகுப்பில் என்ன நடக்கிறது என்று வினவுங்கள். அந்த ஒரு வாரமே பொறுக்க முடியாத சுமையாகத் தோன்றினால், அப்பாடத்தை விட்டு வேறொன்றை நாடுவது நலம்.

சேர்ந்தவர் எல்லோரும் முடிப்பதில்லை. தாய்மொழியில் பள்ளிக் கல்வி கற்று வந்த மாணவர்க்கு முதலாண்டில் ஆங்கில விரிவுரை பெருந்தடையாக நிற்கிறது. அது அறிவுக் குறைவன்று, பழக்கக் குறைவே. நாள்தோறும் அன்று கேட்ட பாடத்தை முதலில் தம் மொழியில் நினைந்து, பின் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பழகினால் சில திங்களில் தடை நீங்கும். இரண்டாம் ஆண்டில் வேறொரு தொல்லை. புதுமை தீர்ந்துவிடுகிறது, முடிவோ தொலைவில் இருக்கிறது. அக்காலத்தில் நால்வர் ஐவராகக் கூடி வாரம் ஒரு முறை பாடத்தை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தால் ஊக்கம் தளராது. பிறருக்கு விளக்க முற்படும் பொழுதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது நமக்கே தெரியவரும்.

இங்கே மாணவர் பலர் கருதாத செய்தி ஒன்று உண்டு. ஆராய்ச்சிப் பாதைக்கு வேண்டிய 75 விழுக்காடு, முதல் ஆறு பருவங்களையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. முதல் இரண்டு பருவங்களில் 60 விழுக்காடு பெற்றவர், எஞ்சிய நான்கு பருவங்களிலும் ஏறத்தாழ 83 விழுக்காடு பெற்றால்தான் அச்சராசரியை எட்ட இயலும். முதலாண்டுதானே என்று அசட்டையாயிருப்பவர், தாம் அறியாமலே நான்காம் ஆண்டின் கதவொன்றை அடைத்துக்கொள்கிறார். நான்காண்டுப் பட்டத்தோடு நேரே முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பிப்பதற்கும் 75 விழுக்காடே பொது அளவு என்று மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பட்டியல் இனத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

மூன்றாம் ஆண்டின் முடிவில் வழி இரண்டாகப் பிரிகிறது. பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறுவதா, ஆனர்ஸை முடிப்பதா? வசதியுள்ள இல்லத்தில் இது எளிய கேள்வி. தந்தையின் கூலியிலோ தாயின் தையல் வருவாயிலோ நடக்கும் இல்லத்தில் ஓராண்டு என்பது ஓராண்டின் விடுதிக் கட்டணம். அதனோடு ஓராண்டின் சம்பள இழப்பும் ஆகும். பெண் பிள்ளையாயின், படித்தது போதும் என்ற குரலும் சேர்ந்து எழும். இத்தகைய குடும்பத்திற்கு நாம் எளிதில் உபதேசம் செய்துவிடுதல் தகாது. எனினும் ஒரு கணக்கைக் கூற விரும்புகிறோம். மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர் முதுகலை பயில இரண்டாண்டு வேண்டும். நான்காண்டு ஆனர்ஸ் முடித்தவர், அத்தகைய முதுகலை வகுப்பு உள்ள பல்கலைக்கழகத்தில் ஓராண்டிலேயே அதனை முடிக்கலாம். இருவருக்கும் மொத்தம் ஐந்தாண்டே ஆகிறது. ஆதலால் மேற்படிப்பை நாடும் மாணவர்க்கு நான்காம் ஆண்டு இழப்பாகாது. உடனே வேலைக்குச் சென்றாக வேண்டியவர்க்கோ மூன்றாண்டுப் பட்டமும் முழுமையான பட்டமே. அதனோடு வெளியேறுவதில் இழுக்கு யாதுமில்லை.

இடர்ப்பாட்டினால் முதலாண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ விலக நேர்ந்தாலும் வழி முற்றும் அடைபடுவதில்லை. 40 கிரெடிட்டோடு கோடைத் தொழிற்பயிற்சியில் 4 கிரெடிட்டும் பெற்றவருக்குச் சான்றிதழ் உண்டு. 80 கிரெடிட் பெற்று அவ்வாறே பயின்றவருக்குப் பட்டயம் உண்டு. அவர்கள் மூன்றாண்டுக்குள் மீண்டும் சேர்ந்து, மொத்தம் ஏழாண்டுக்குள் படிப்பை முடிக்கலாம். நோயாலோ வறுமையாலோ விலகும் மாணவரிடம் இவ்விதியை எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை. விதியை அறியாமையால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோவதைப் போன்ற துயரம் வேறில்லை.

நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியை மேற்கொள்வோர் முதலில் மூன்றைக் கேட்டறிய வேண்டும். தம் துறையில் வழிகாட்டும் ஆசிரியர் உளரா? வேண்டிய நூல்களும் ஆய்வுக்கூடமும் உளவா? ஓராண்டுக்குள் முடியக்கூடிய பொருள்தானா? மூன்றாவது கேள்வியிலேதான் பலர் தடுமாறுகின்றனர். வரலாற்று மாணவர் ஒருவர் ‘இந்தியாவின் பஞ்சங்கள்’ என்று தலைப்பிட்டால், அவர் வாழ்நாள் முழுதும் எழுதினாலும் முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், ஒரே மாவட்டத்தில், நிவாரண வேலைக்கு வந்தோருக்குக் கொடுக்கப்பட்ட கூலி எவ்வளவு என்று கேட்டால், ஆவணங்களைக் கொண்டு விடை காண இயலும். கேள்வி சிறிதாக இருந்தால் விடை உறுதியாக இருக்கும். படித்த நாளிலேயே குறிப்பெடுத்தலும், எந்த நூலில் எந்தப் பக்கம் என்று பதித்துக்கொள்ளுதலும், பிறர் கருத்தைப் பிறருடையதென்றே கூறுதலும் ஆராய்ச்சி ஒழுக்கங்கள். எழுதுவதைக் கடைசித் திங்களுக்கு ஒத்திவைப்பவர் கட்டுரையை முடிப்பது அரிது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ‘இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்பது தவறன்று. அது கேட்க வேண்டிய கேள்வியே. அதனோடு, ‘இன்று வகுப்பில் என்ன கற்றாய்?’ என்பதையும் அவ்வப்பொழுது கேளுங்கள். வீட்டில் தன் பாடத்தைப் பற்றிப் பேச ஒருவர் இருந்தால், மாணவரின் மனம் பாடத்தை விட்டு எளிதில் விலகாது.

சேருமுன் பாடத்தை அறிந்து சேர்வதும், முதலாண்டிலேயே நான்காம் ஆண்டை மனத்திற்கொண்டு உழைப்பதும், பிரியும் வழியில் இல்லத்தின் நிலையையும் தம் நாட்டத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பதும் மாணவர்க்கு வேண்டப்படுவன. ஒரு பொருளை அதன் வேர் வரை சென்று கண்டவர், பின்னர் எத்தொழிலை மேற்கொண்டாலும் அதனையும் வேர் வரை சென்று காண முற்படுவார். ஆனர்ஸ் படிப்பு தரும் உண்மையான சிறப்பு அந்தப் பழக்கமே என்று கருதுகிறோம். இவ்வாண்டு கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞர் யாவருக்கும் அது கிட்டுமாக.