திறைசேரிக் கணக்கும் வயற்கரைக் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். அங்குள்ள வெல்லாவெளி நெல்லை நம்பி வாழும் ஊர். அவ்வூர் உழவனின் ஆண்டு வரவு செலவைப் பெரும்போக அறுவடையே தீர்மானிக்கிறது. நாட்டின் கணக்கை விளங்கிக்கொள்ள அவன் கணக்கே போதும்.

2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அந்நிலை ஒரு நாளில் வந்ததன்று. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்து வந்த கொள்ளைநோய் உல்லாசப் பயண வருவாயை அழித்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட, விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் அரச வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 வீதமாகச் சுருங்கிற்று. பொருளாதாரமோ 7 வீதத்துக்கு மேல் தேய்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மிற்று.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு இணங்கியது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. அவ்வாண்டில் ஆட்சி மாறியபோதும் திட்டம் தொடர்ந்தது. அரச வருவாய் 13 வீதத்தைத் தாண்டிற்று. பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது. முதனிலை மிகை 2 வீதத்துக்கு மேற்பட்டது.

முதனிலை மிகை என்பது யாது? உழவன் ஒருவன் நெல்லை விற்று, விதை, பசளை, உழவுக் கூலி, வீட்டுச் செலவு ஆகியன போகச் சிறிது மிச்சம் காண்கிறான் என்க. அதுவே முதனிலை மிகை. அடகு வைத்த நகைக்குரிய வட்டி அதில் சேரவில்லை. சேர்த்தால் பற்றாக்குறையே தோன்றும். ஆயினும் அம்மிச்சம் அற்பமானதன்று. அஃதில்லையேல் அன்றாடச் செலவுக்கே புதுக்கடன் தேடவேண்டும். இலங்கையின் நிலையும் இதுவே. வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பகுதி மறுசீரமைக்கப்பட்டுவிட்டது. எனினும் 2028 முதல் அவற்றின் தவணைச் சுமை கூடும்.

இனி, இம்மிச்சம் யாரிடமிருந்து வந்தது என்ற வினா எழுகிறது. பெறுமதி சேர் வரி ஏழையையும் செல்வனையும் ஒரே வீதத்தில் தொடுவது. 2024இல் அது டீசல் மீதும் விழுந்தமையால், உழவு இயந்திரம் வயலில் இறங்குமுன்னரே வரி இறங்கிவிடுகிறது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறுமையில் வாழ்ந்தனர். 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி அவர்களுக்கு ஓர் ஊன்றுகோல், அதுவே நடையாகாது.

1953இல் நிகழ்ந்ததை மறத்தலாகாது. வரவு செலவைச் சமப்படுத்த, பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்து 12ஆம் நாள் ஹர்த்தால் எழுந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். கணக்கு ஏட்டளவில் நேராயினும், சுமை நேராகப் பகிரப்படாவிடின் அது நிலைக்காது என்பதே அவ்வாண்டு புகட்டிய பாடம்.

ஆகவே, செய்யத்தக்கவை இரண்டு. உயர்ந்த வருமானத்தின் மீதும் சொத்தின் மீதும் உரிய நேர்வரியை ஒழுங்காகத் திரட்டுதல் ஒன்று. திரட்டியதில் ஒரு பங்கைக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பாடசாலைக்கும் தவறாது செலவிடுதல் மற்றொன்று. விதைநெல்லையும் விற்று வட்டி கட்டும் உழவன் இவ்வாண்டு நாணயம் காப்பான். மறு ஆண்டு எதனை விதைப்பான்?