கன்னம் வீங்கினால் பேரைப் பார்க்காதீர்கள்

(தோட்டக் கமிட்டி, மாதர் கமிட்டி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டையும் காணியையும் பற்றியும் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். பல்லால் உயிர் போவதும் உண்டு.

பல்வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கராம்பை வைத்துக் கடிக்கிறோம். சிலர் புகையிலையை அதக்கிக்கொள்கிறோம். பனடோலைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறோம். "இன்றைக்குப் பேர் போய்விடும், சம்பளம் போடட்டும் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறோம். நாலு நாளில் வலி நின்றால் சுகமாகிவிட்டது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது சுகமல்ல. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துவிட்டது, அவ்வளவுதான். கிருமி உள்ளேயே இருக்கிறது. வேரின் நுனியில் சீழ் கட்டுகிறது. அது கன்னத்துக்கும், தாடைக்குக் கீழும், நாக்கின் அடிக்கும் பரவினால், வீக்கம் மூச்சு போகும் வழியையே அடைத்துவிடும்.

ஆகவே எது ஒரு நாள் பொறுக்கும், எது பொறுக்காது என்பது ஒவ்வொரு லயத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

வீக்கமில்லாத வலியானால் மறுநாள் காலையில் அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள். அங்கே காசு வாங்குவதில்லை. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மலையில் நிற்கும்போது என்றால் கங்காணியிடம் சொல்லிவிட்டுக் கூடையை இறக்குங்கள்.

எச்சில் விழுங்க முடியவில்லை, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, குரல் மாறிவிட்டது, வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது அல்லது கண்ணுக்கு ஏறிவிட்டது, மூச்சு திணறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். மூச்சு திணறுபவரைப் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள். இரவில் பல் பிரிவு மூடியிருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்கும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. வீக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம். வெளியே குளிர்ந்த துணியை வைக்கலாம். ஊசியால் குத்திச் சீழ் எடுக்க வேண்டாம். மாத்திரையை ஈறில் வைத்தால் ஈறு வெந்துவிடும். பெரியவர்கள் ஒரு தடவைக்கு 2 பனடோல் போடலாம். 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் கிருமிநாசினி மாத்திரையை வாங்கிப் போட்டால் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும். ஆனால் பல்லில் இருக்கும் மூலகாரணம் போகாது. கர்ப்பிணிகள் பல்லுக்கு வைத்தியம் செய்யக்கூடாது என்று சொல்வார்கள். அது சரியல்ல. கர்ப்பமாக இருப்பதை வைத்தியரிடம் சொல்லிவிட்டு வைத்தியம் செய்துகொள்ளலாம்.

அடுத்தது, பிள்ளைகள். லயத்துப் படிக்கட்டிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் விழுந்து முன்பல் முழுசாகக் கழன்று வந்தால், அந்தப் பல்லைத் தேடி எடுங்கள். பால்பல்லானால் திருப்பி வைக்கக்கூடாது. நிலைத்த பல்லானால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடியுங்கள். அழுக்கிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில விநாடிகள் அலசுங்கள்; தேய்க்க வேண்டாம். இருந்த குழியிலேயே வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்த பிள்ளை மயங்கினாலோ வாந்தியெடுத்தாலோ பல்லை மறந்து 1990ஐ அழையுங்கள்.

பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காவிட்டால், சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து 20 நிமிடம் விடாமல் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். துப்பவும் கொப்பளிக்கவும் கூடாது. வெற்றிலை போடக்கூடாது. அப்படியும் நிற்காவிட்டால் திரும்ப வைத்தியசாலைக்கே போங்கள்.

தோழர்களே, இவையெல்லாம் தெரிந்திருந்தும் போக வண்டி இல்லையென்றால் என்ன பயன்? நடுச்சாமத்தில் லொறிக்காகத் துரை பங்களா வாசலில் நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். எந்த நேரமானாலும் நோயாளியைக் கொண்டுபோக ஒவ்வொரு டிவிசனிலும் வண்டி வேண்டும். அவசரத்துக்காக வேலையை விட்டுப் போனவருக்கு அன்றைய பேரை வெட்டக்கூடாது. இந்த இரண்டையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம்.

அது கிடைக்கும் வரை நாமும் சும்மா இருக்க முடியாது. ஓட்டோ வைத்திருக்கும் தம்பிமாரின் போன் நம்பரை 1990க்குப் பக்கத்தில் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதுங்கள். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரை நோயாளியுடன் அனுப்புங்கள். எப்போது வீங்கியது, என்ன மருந்து போட்டார் என்பதை அவர் எடுத்துச் சொல்லட்டும்.

ஒரு நாள் பேருக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். இன்று கேட்டதை நாளைக் காலை பிரட்டுக்களத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.