ஹற்றி மக்டானியல்: வேடமும் வாழ்வும்



இலக்கியத் தொடரிலே இன்று ஓர் அமெரிக்கத் திரைப்பட நடிகையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாடகமும் முத்தமிழில் ஒன்றுதானே. உள்ளத்து உணர்வு உடம்பிலே புலப்படுவதை மெய்ப்பாடு என்று கூறி, அதற்கெனத் தனி இயலே வகுத்தவர் தொல்காப்பியர். ஆகவே, தமிழாசிரியன் ஒருவன் நடிப்பைப் பற்றிப் பேசுவது வேலி தாண்டிய செயலாகாது என்று நம்புகிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணமாயிருந்தவன் என் மாணவன் ஒருவன். சென்ற தவணையில் உயர்தர வகுப்பிலே மெய்ப்பாடுகள் எட்டையும் விளக்கிக்கொண்டிருந்தேன். பெருமிதம் என்ற இடத்துக்கு வந்தபோது, பல்கலைக்கழக நாட்களில் விடுதி நண்பர்களோடு வீடியோவிலே பார்த்த 'கோன் வித் த விண்ட்' என்ற படம் நினைவுக்கு வந்தது. அதிலே கறுப்பின ஆயாவாக வரும் அம்மையாரின் நடிப்பை உதாரணமாகக் கூறினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், வேலைக்காரியா நடிக்கிறதிலை என்ன பெருமிதம்? அது இளிவரல்தானே?" என்று கேட்டான். நான் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே, "அவவின்ரை பேர் என்ன, சேர்?" என்றும் கேட்டுவிட்டான்.

கதாநாயகனாக நடித்த கிளார்க் கேபிளின் பெயர் எனக்குத் தெரியும். கதாநாயகி விவியன் லீயின் பெயரும் தெரியும். அந்த அம்மையாரின் முகமும் குரலும் மனதில் நின்றன. பெயர் மட்டும் நிற்கவில்லை. வெட்கத்தோடு வீடு திரும்பிய நான், அவரது வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் பெயர் ஹற்றி மக்டானியல். 1893ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரிலே பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. தாயும் தந்தையும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை ஹென்றி, அமெரிக்க உள்நாட்டுப் போரிலே அடிமை முறைக்கு எதிரான வடபகுதிப் படையிற் சேர்ந்து போரிட்டவர். போரிலே பட்ட காயங்களுக்கான உதவிப்பணத்தைப் பெறுவதற்கு அவர் நெடுங்காலம் அரசிடம் மன்றாட வேண்டியிருந்தது. தாய் சூசன் தேவாலயத்திலே பாடுபவர். பின்னர் குடும்பம் கொலராடோ மாநிலத்து டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1910இல், மதுவிலக்கு மாதர் சங்கம் நடத்திய பாவோதற் போட்டியிலே சிறுமி ஹற்றி தங்கப் பதக்கம் பெற்றார். அந்த மேடையோடு அவரது பாதை தீர்மானமாகிவிட்டது எனலாம்.

அண்ணன்மாரோடும் அக்காமாரோடும் ஊர் ஊராகச் சென்று ஆடினார், பாடினார், பாட்டும் எழுதினார். 1920களில் டென்வர் வானொலியிலே பாடினார். சிக்காகோவிலே இசைத்தட்டுகளும் பதிவு செய்தார். 1929இலே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. கலைஞர்களின் பிழைப்பிலே மண் விழுந்தது. மில்வோக்கி நகரத்து இரவு விடுதியொன்றில் அவருக்குக் கிடைத்த வேலை, பெண்களின் கழிவறையிலே பணிவிடை செய்வது. அங்கு வருவோர் வெள்ளையர். ஓரிரவு மேடையிலே பாடச் சந்தர்ப்பம் வந்தது, பாடினார். அதன்பின் அவர் கழிவறைக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

1931இல் உடன்பிறந்தோரைத் தேடி லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றார். அண்ணன் சாம் அங்கே வானொலி நிகழ்ச்சியொன்றிலே பங்குபற்றி வந்தார். அந்நிகழ்ச்சியில், எசமானியையே அதட்டும் வாய்த்துடுக்கான பணிப்பெண்ணாக ஹற்றி நடித்தார். நேயர்கள் ரசித்தார்கள், ஆனால் அந்த வருமானம் வயிற்றுக்குப் போதவில்லை. ஆகையால் உண்மையாகவே பிறர் வீடுகளில் வேலைக்காரியாக உழைத்தார். ஒலிவாங்கியின் முன்னே பணிப்பெண் வேடம். வீடு திரும்பும் வழியிலும் அதே தொழில்!

1932 முதல் திரைப்படங்களிலே தோன்றத் தொடங்கினார். பெரும்பாலும் சமையற்காரி, சலவைக்காரி, ஆயா என்ற பாத்திரங்களே. பல படங்களில் பெயர்கூடக் காட்டப்படவில்லை. 1934இல் ஜோன் ஃபோர்ட் நெறிப்படுத்திய 'ஜட்ஜ் பிறீஸ்ற்' படத்தின் மூலம் கவனிக்கப்பட்டார். 1936இலே 'ஷோ போட்' படத்தில், புகழ்பெற்ற பாடகர் போல் றோப்சனோடு நடித்தார்.

அடுத்துத்தான் 'கோன் வித் த விண்ட்' வருகிறது. மார்கிரட் மிற்செல் 1936இலே வெளியிட்ட நாவலைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் 1939இலே படமாக்கினார். தென்மாநிலப் பருத்தித் தோட்டக்காரரின் வாழ்வு போரிலே அழிந்த கதை. அடிமை முறையை ஏதோ அன்பான குடும்ப ஏற்பாடு போலக் காட்டும் கதை அது என்பதை நாம் மறக்கலாகாது. ஹற்றி ஏற்ற பாத்திரத்துக்குச் சொந்தப் பெயரே கிடையாது. எல்லோரும் 'மம்மி' என்று அழைப்பார்கள். கறுப்பின ஆயாமாருக்கு வழங்கிய பொதுப்பெயர் அது. பெயரில்லாத பாத்திரத்தை ஏற்றவரின் பெயரையும் நான் மறந்திருந்தேன் என்பதை எண்ணியபோது நெஞ்சு உறுத்தியது.

அப்படத்திலே ஒரு காட்சி. கதாநாயகியின் சின்ன மகள் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறாள். துக்கம் கேட்க மெலனி என்ற பெண் வருகிறாள். அவளை மாடிப்படி வழியாக அழைத்துச் செல்கிறாள் ஆயா. குழந்தையின் தகப்பன் குதிரைக்குட்டியைச் சுட்டுக் கொன்றதையும், பிள்ளை இருளுக்குப் பயந்தவள் என்று சொல்லி அடக்கம் செய்ய விடாமல் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு பிணத்தருகே இருப்பதையும் படியேறியபடியே அழுதழுது சொல்கிறாள். அவள் சொல்லும் இவற்றை நாம் திரையிலே காண்பதில்லை. அந்த அம்மையாரின் முகத்திலேயே காண்கிறோம். வீட்டிலே ஆளுக்கொரு பக்கமாக இடிந்துபோயிருக்கும்போது, நடந்ததைச் சொல்லவும் உதவி தேடவும் அவள் ஒருத்திதான் தெம்போடு நிற்கிறாள்.

1939 டிசம்பர் 15ஆம் திகதி அட்லாண்டா நகரிலே முதற் காட்சி பெருவிழாவாக நடைபெற்றது. ஜோர்ஜியா மாநிலத்தின் இன ஒதுக்கல் காரணமாக, ஹற்றியும் ஏனைய கறுப்பின நடிகர்களும் அவ்விழாவிலே கலந்துகொள்ள இயலவில்லை. கிளார்க் கேபிள் கோபம் கொண்டு தாமும் போகப்போவதில்லை என்றாரென்றும், ஹற்றியே அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினாரென்றும் கூறுவர்.

1940 பெப்ரவரி 29. லொஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசிடர் ஹோட்டலிலே ஒஸ்கார் விழா. கறுப்பரை அனுமதிக்காத ஹோட்டல் அது. செல்ஸ்னிக் தனியாகக் கேட்டு அனுமதி பெற வேண்டியிருந்தது. படக்குழுவினர் ஒரு மேசையிலே கூடியிருக்க, ஹற்றிக்குச் சுவரோரமாகத் தனி மேசை. மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹவிலண்டும் அதே துணைநடிகை விருதுக்குப் போட்டியில் இருந்தார். விருது ஹற்றிக்கே கிடைத்தது. கூந்தலிலே வெள்ளைப் பூச்சூடி மேடையேறிய அவர், தம் இனத்துக்கும் திரைத்துறைக்கும் என்றும் பெருமை சேர்ப்பவராக இருக்க விரும்புவதாகக் கூறினார். ஒஸ்கார் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே. நடிப்புக்காக அவ்விருதைப் பெறும் அடுத்த கறுப்பினப் பெண்ணான வூப்பி கோல்ட்பேர்க் 1991இலேயே வந்தார். இடையிலே கழிந்தவை ஐம்பத்தோர் ஆண்டுகள்.

நேயர்களே, விருதோடு துன்பம் தீரவில்லை. மீண்டும் மீண்டும் ஆயா வேடமே வந்தது. இப்போது எதிர்ப்பு அவரது சொந்த இனத்தாரிடமிருந்தும் கிளம்பியது. கறுப்பரின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தின் தலைவர் வோல்ற்றர் வைற், 1942இலே ஹொலிவூட்டுக்குச் சென்று, கறுப்பரைச் சிரித்த முகத்து ஏவலாளராகவே காட்டும் வழக்கத்தை நிறுத்துமாறு தயாரிப்பாளரை வற்புறுத்தினார். இத்தகைய வேடங்களை ஏற்போரும் கண்டனத்துக்கு ஆளாயினர். வாரம் ஏழு டொலருக்கு வேலைக்காரியாக இருப்பதிலும், எழுநூறு டொலருக்கு வேலைக்காரியாக நடிப்பது மேல் என்று ஹற்றி விடை கூறியதாக ஒரு கூற்று வழங்கிவருகிறது. கேட்கும்போது நகைச்சுவை போலிருக்கும். ஆனால் மில்வோக்கிக் கழிவறையை நினைத்தால் அதிலே நகை இல்லை என்பது விளங்கும்.

வைற் கூறியது பொய்யல்ல. ஒரு பிள்ளை திரையிலே தன் இனத்தவரை எப்போதும் தட்டேந்தியபடியே கண்டால் அதன் மனம் என்னாகும்? ஆயினும், அந்தக் கண்டனத்தின் பாரம் யார் தலையிலே விழுந்தது என்று நோக்குமிடத்து, கதை எழுதியவர் தலையிலல்ல, படமெடுத்தவர் தலையிலுமல்ல. திறந்திருந்த ஒரேயொரு கதவால் உள்ளே போன நடிகையின் தலையிலேதான் விழுந்தது. பின்னர் அந்த வேடங்கள் குறைந்தன. பதிலாக வேறு வேடங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்த சிறு இடத்திலும் அவர் செய்ததைப் பாருங்கள். 1942இலே 'இன் திஸ் அவர் லைஃப்' என்ற படத்தில், செய்யாத குற்றத்துக்காகச் சிறையிலிடப்பட்ட கறுப்பின இளைஞனின் தாயாக நடித்தார். மகன் வழக்கறிஞனாக விரும்புபவன். அவன் அன்றிரவு வீட்டிலே தன்னோடு இருந்தான் என்று அந்தத் தாய் சொல்லும் இடத்திலே ஆர்ப்பாட்டமில்லை, கோமாளித்தனமில்லை.

திரைக்கு வெளியே அவர் நடத்திய போராட்டம் இன்னும் பெரிது. லொஸ் ஏஞ்சல்ஸிலே 'சுகர் ஹில்' என்ற பகுதியில் வீடு வாங்கியிருந்தார். அவ்விடத்துக் காணி உறுதிகளிலே, கறுப்பருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அயலிலிருந்த வெள்ளையர் சிலர் அதைக் காட்டி, கறுப்பரை வெளியேற்றுமாறு வழக்குத் தொடுத்தனர். ஹற்றி அயலவரைத் தம் வீட்டிலே கூட்டி எதிர்வழக்காட ஒழுங்கு செய்தார். சட்டத்தரணி லொறன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரிலே, அரசியல் யாப்பு வழங்கும் சமவுரிமையைக் காட்டி, நீதிபதி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்று 1948இலே அமெரிக்க உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. திரையிலே பிறர் வீட்டைப் பராமரித்த அந்தப் பெண், தம் வீட்டில் வாழும் உரிமையை நீதிமன்றம் சென்று நிலைநாட்டினார்.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இன்னுமொரு செய்தி. 'பியூலா' என்ற கறுப்பினப் பணிப்பெண்ணை நாயகியாகக் கொண்ட வானொலித் தொடர் ஒன்று அமெரிக்காவிலே பிரபலமாயிருந்தது. அந்தப் பெண்ணின் குரலைக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? வெள்ளை ஆண்கள்! முகம் தெரியாத வானொலியிலேகூட, ஒரு கறுப்பினப் பெண்ணின் பாத்திரம் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1947 நவம்பரிலே அப்பாத்திரம் ஹற்றியிடம் வந்தது. கறுப்பரின் பேச்சைக் கேலி செய்யும் கொச்சை உச்சரிப்பிலே பேச மாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் அவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். தேசிய வானொலித் தொடரொன்றுக்கு நாயகியான முதற் கறுப்பினப் பெண் அவர்.

அத்தொடரின் தொலைக்காட்சி வடிவத்திலும் சில அங்கங்களில் நடித்தார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது. மார்பகப் புற்றுநோயினால் 1952 ஒக்டோபர் 26ஆம் திகதி காலமானார். திரையுலகத்தார் பலர் துயிலும் ஹொலிவூட் மயானத்திலே தம்மை அடக்கம் செய்யவேண்டுமென்பது அவர் விருப்பம். அங்கே கறுப்பருக்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டது. றோஸ்டேல் மயானத்திலே அடக்கம் செய்தனர். ஹொலிவூட் மயானத்தின் புதிய நிருவாகத்தினர் 1999இலே அவருக்கு அங்கொரு நினைவுக்கல் எழுப்பினர்.

ஒஸ்கார் விருதை, கறுப்பின மாணவருக்காக உருவான ஹொவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் மரணசாதனத்திலே எழுதிவைத்திருந்தார். அது பின்னர் காணாமற் போயிற்று. எப்படிப் போனதென்பதற்குப் பல கதைகள் உண்டு, விருது கிடைக்கவில்லை. 2023 ஒக்டோபரிலே ஒஸ்கார் கழகத்தினர் பதில் விருதொன்றை அப்பல்கலைக்கழகத்திலே கையளித்தனர்.

நேயர்களே, மாணவனின் இரண்டாவது வினாவுக்கு விடை எளிது. மறுநாள் வகுப்புக்குச் சென்றதும் கரும்பலகையிலே 'ஹற்றி மக்டானியல்' என்று பெரிதாக எழுதினேன். முதலாவது வினா அத்தனை எளிதன்று. இளிவரல்தானே என்று அவன் கேட்டதிலும் உண்மை உண்டு. அந்த வேடத்தை எழுதியவர்கள் அவருக்குக் கொடுத்தது அதுதான். பெருமிதத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதை அவர் தம் கைப்பொருளாகவே கொண்டுவந்தார் என்பது என் கருத்து. ஆயினும் என் கருத்தை முடிந்த முடிபாகச் சொல்லாமல், இவ்வரலாற்றை முழுதாகக் கூறிவிட்டு, அதே வினாவுக்கு விடையாக ஒரு கட்டுரை எழுதி வரும்படி வகுப்பாரிடம் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவன் நாலு பக்கம் எழுதி வந்தான். வோல்ற்றர் வைற்றின் பக்கமே நின்று நன்றாக வாதாடியிருந்தான். ஆனால் கட்டுரை முழுவதிலும் 'வேலைக்காரி' என்ற சொல்லை அவன் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஒவ்வோரிடத்திலும் 'ஹற்றி அம்மையார்' என்றே எழுதியிருந்தான்.

அந்தப் படத்தைப் பார்க்கும் சந்தர்ப்பம் உங்களுக்குக் கிடைக்குமானால், அந்த மாடிப்படிக் காட்சியைத் தவறவிடாதீர்கள். மீண்டும் ஒரு தலைப்பிலே சந்திக்கும் வரை விடைபெறுகிறேன்.