கூலியும் பவுனும்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்பது பழைய ஏற்பாட்டில் விற்றுப்போன நிலம் உரியவன் கைக்குத் திரும்பிய ஆண்டு. ஆகவே இந்நாளில் நாம் பணத்தைப் பற்றிப் பேசுவதில் பிழையில்லை. பாடற்குழுவினர் சற்றுப் பொறுத்துக்கொள்வார்களாக!

மன்னார்புரத்தில் சம்பளக் கணக்கு அறியாதவர் உண்டோ? பக்கத்திலேயே பொன்மலைப் பட்டறை. 1946 செப்டம்பர் 5ஆம் நாள் அங்கே சங்கத்திடலில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து தொழிலாளர் பலியாயினர். 1986ல் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 750 ரூபாய், 2016ல் 18,000. விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் கூடவே ஏறும்.

பஞ்சப்படி இல்லாதவர் கதை வேறு. நமது மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு 2006ல் தினக்கூலி 80 ரூபாய். அன்று பவுன் கிராம் ஏறக்குறைய 800. பத்து நாள் உழைத்தால் ஒரு கிராம். 2024ல் கூலி 319. அவ்வாண்டு செப்டம்பரில் கிராம் 7,000 ரூபாயைத் தாண்டிற்று. அதே கிராமுக்கு இருபத்திரண்டு நாள்! கூலி நான்கு மடங்கு ஆயிற்று என்பதும் மெய். மகளுக்குத் தோடு வாங்க இருமடங்கு நாள் உழைக்க வேண்டும் என்பதும் மெய்.

மலிந்தவையும் உண்டு. 1967ல் ரூபாய்க்குப் படி அரிசி என்பதே பெரிய தேர்தல் வாக்குறுதி. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. ஒரு காலத்தில் தெருவுக்கொன்றாயிருந்த டெலிவிஷன் இன்று எந்த வீட்டில் இல்லை? கைக்கடிகாரமும் அப்படியே. ஏறியவை பவுன், மனை, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கையில் கைபேசியைக் கண்டதும், "இவளுக்கென்ன குறை?" என்கிறோம். கைபேசியை விற்று மனை வாங்க முடியுமா?

குடும்பம் பிழைக்கக் கூலி போதவேண்டும் என்பது புதிய போதனையன்று. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதினார். திராட்சைத் தோட்டக்காரரோ கடைசியில் வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்தார். அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

பிறரைச் சொல்வானேன்? இவ்வுரையை எழுதும்போது நமது பங்கு இல்லத்துக் கணக்கேட்டைப் புரட்டினோம். சமையற்கார அம்மாளின் சம்பளம் மூன்று ஆண்டாக ஒரே தொகை. அவர் கேட்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. கொடியேற்றத்துக்கு மின்விளக்கு அலங்காரச் செலவை மட்டும் ஆண்டுதோறும் கூட்டியிருக்கிறோம். அடுத்த பங்குப் பேரவையில் முதல் பொருளாக அந்த அம்மாளின் சம்பளத்தை வைத்திருக்கிறோம். பேரவை உறுப்பினர்கள் தத்தம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட்டு வருவார்களாக.